வெள்ளாட்டு மடிநோயறிதலில் பாற்புரதங்கள்: அளவுகோல் ஒன்றின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பால் வெள்ளாடுகளின் மடியில் நேரும் தொற்றைப் பாலைக்கொண்டே கண்டறியும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றின் பெரும்பகுதியில் வெள்ளாட்டுக்கு என ஓர் அளவுகோல் உருவாகவில்லை. மாட்டுப் பாலுக்கு வகுக்கப்பட்ட முறைகளே வெள்ளாட்டுப் பாலுக்கும் பொருத்தப்பட்டன. 1905இல் மால்டாத் தீவில் நிகழ்ந்த கண்டுபிடிப்பு முதல், உடலணு எண்ணிக்கை, கலிபோர்னியச் சோதனை, புரதத்தொகுதி ஆய்வு, கேத்தெலிசிடின் அளவீடு ஈறாக நிகழ்ந்த மாற்றங்களை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது. பாற்புரதங்களை நோக்கிய திருப்பம் ஒரு கருவி மாற்றம் மட்டுமன்று. ஓர் உயிரினத்தின் இயல்புநிலையை மற்றோர் உயிரினத்தின் இயல்புநிலைகொண்டு அளந்த பழக்கத்தின் மீதான மறுபார்வையும் ஆகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வெள்ளாடு, மடிநோய், உடலணு எண்ணிக்கை, பாற்புரதம், கேத்தெலிசிடின், கால்நடை மருத்துவ வரலாறு

முன்னுரை

மடிநோய் என்பது பால்மடியின் அழற்சி. பெரும்பாலும் நுண்ணுயிரித் தொற்றே அதற்குக் காரணம். மடி வீங்கிச் சிவந்து, பால் திரிந்து கட்டிகட்டியாக வெளிவரும்போது நோயை அறிவதற்குச் சோதனை எதுவும் வேண்டியதில்லை. கறப்பவரின் கண்ணும் கையும் போதும். பால் வெள்ளையாகவே இருக்க, மடியும் மெத்தென்றே இருக்க, உள்ளே தொற்று நிலைத்திருப்பதே சிக்கலானது. இதனை மறைநிலை மடிநோய் என்பர். வெள்ளாடுகளில் இவ்வகையே மிகுதி. உறைதல் நொதி இல்லாத ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள் இதற்குப் பெருங்காரணமாக உள்ளன. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றோ, மடி அழுகி ஆடே இறக்கும் அளவுக்குக் கடுமையாகக்கூடும். அந்நுண்ணுயிரி பாலில் விடும் நச்சு, பாலைச் சூடாக்கிய பின்னும் எஞ்சி நிற்கவல்லது.

கண்ணுக்குத் தெரியாத இந்நோயைப் பாலில் எதைக்கொண்டு அறிவது என்னும் வினாவுக்கு மூன்று விடைகள் வரலாற்றில் முன்வைக்கப்பட்டன. நுண்ணுயிரியையே தேடுவது ஒன்று. நுண்ணுயிரியை எதிர்க்க வந்த உயிரணுக்களை எண்ணுவது மற்றொன்று. எதிர்ப்பின்போது பாலில் கூடும் புரதங்களை அளப்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி முந்தையதை நீக்கியவை அல்ல. மூன்றின் வேர்களும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. ஆயினும் இரண்டாவது விடையே இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கோலோச்சியது. அது ஏன் அவ்வாறாயிற்று, வெள்ளாட்டைப் பொறுத்தவரை அதன் விளைவு யாது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1. மால்டா: வெள்ளாட்டுப் பால் சான்றான முதல் நிகழ்வு

வெள்ளாட்டு மடியின் தொற்றை ஒரு புரத வினையால் அறிந்த முதன்மையான நிகழ்வு மடிநோய் ஆய்விலிருந்து வரவில்லை. மனிதர்க்கு வந்த காய்ச்சல் ஒன்றின் ஆய்விலிருந்து வந்தது. மால்டாவில் இருந்த பிரித்தானியப் படையினரை நெடுங்காலம் வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான நுண்ணுயிரியை 1887இல் டேவிட் புரூஸ், இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்தார். 1897இல் ஆல்ம்ரோத் ரைட்டும் அவருடைய உடனாய்வாளர் செம்பிளும், நோயுற்றவரின் குருதி ஊன்நீர் அந்நுண்ணுயிரிகளைத் திரளச்செய்யும் என்று காட்டினர். திரளச்செய்வது எதிர்ப்பொருள் என்னும் புரதம். ஆக, நுண்ணுயிரி கைக்குக் கிட்டாதபோதும் அது உடலில் இருந்ததற்கான தடயத்தைப் புரதத்தில் படிக்கலாம் என்னும் வழி பிறந்தது.

நோய் எவ்வழியாகப் பரவுகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. அதனை ஆராய 1904இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் இடம்பெற்ற மால்டிய மருத்துவர் தெமிஸ்டோகிளிஸ் சம்மிட், 1905இல் நலமாகத் தோன்றிய உள்ளூர் வெள்ளாடுகளின் குருதியைச் சோதித்தார். அவற்றிற் பெரும்பாலானவை திரட்சி வினையைக் காட்டின. தொடர்ந்து அவ்வாடுகளின் குருதியிலும் பாலிலும் நுண்ணுயிரி கண்டறியப்பட்டது. பாலின் ஊன்நீரையே திரட்சி வினைக்குப் பயன்படுத்தும் முறையும் கையாளப்பட்டது. தீவின் வெள்ளாடுகளில் ஏறத்தாழப் பாதி தொற்றின் தடயத்தைக் காட்டின. பத்தில் ஒன்று நுண்ணுயிரியைப் பாலில் வெளியிட்டது என்பது குழுவின் மதிப்பீடு. 1906இல் படையினர்க்கு வெள்ளாட்டுப் பால் தடைசெய்யப்பட்டதும் அவர்களிடையே நோய் மிக விரைவாகக் குறைந்தது.

இந்நிகழ்வில் இரு கூறுகள் நம் கவனத்திற்குரியன. முதலாவது, நோயுற்ற ஆடுகள் நோயின் அறிகுறி எதனையும் காட்டவில்லை. மால்டாவில் ஆட்டை வீட்டு வாயிலுக்கே ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து கொடுப்பது வழக்கம்; கண்ணெதிரே கறந்த பால் தூயது என்னும் நம்பிக்கையே அங்குப் பொய்த்தது. இரண்டாவது, புருசெல்லாத் தொற்று மடியிலும் அதனையொட்டிய நிணநீர்க் கணுக்களிலும் தங்கினும், அதனை வழக்கமான மடியழற்சியோடு ஒன்றாக வைத்து எண்ண இயலாது. எனினும் ‘பாலிலுள்ள புரதம் மடியின் நிலையைச் சொல்லும்’ என்னும் கருத்து வெள்ளாட்டைக் கொண்டே நிலைநாட்டப்பட்டது என்பதில் ஐயமில்லை.

அக்கருத்தின் பிற்கால வளர்ச்சியோ வெள்ளாட்டை விட்டு விலகிச் சென்றது. 1937இல் ஜெர்மனியில் ஃபிளைஷ்ஹவர் அறிமுகப்படுத்திய பால்வளையச் சோதனை அதற்குச் சான்று. சாயமேற்றிய புருசெல்லா நுண்ணுயிரிகளைப் பாலில் கலந்தால், எதிர்ப்பொருளால் திரண்ட நுண்ணுயிரிகள் கொழுப்புத் துளிகளோடு மேலேறிப் பாலேட்டில் நிறவளையமாக நிற்கும். மாட்டுப் பாலில் எளிதாகவும் மலிவாகவும் அமைந்த இச்சோதனை, வெள்ளாட்டுப் பாலில் நம்பத்தக்கதாக அமையவில்லை. மாட்டுப் பாலிற் கொழுப்புத் துளிகளை ஒன்றுசேர்த்து மேலேற்றும் புரதக் கூறு வெள்ளாட்டுப் பாலில் போதிய அளவில் இல்லை. ஆகவே அப்பாலில் ஏடு எளிதிற் படிவதில்லை. மால்டாவின் வெள்ளாட்டினால் வெளிச்சத்திற்கு வந்த நோய்க்கு எழுந்த எளிய பாற்சோதனை, வெள்ளாட்டுக்கே உதவாமற் போனது.

2. உடலணுவை எண்ணுதல்: மாட்டு மடியிற் பிறந்த முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எட்மண்ட் நோக்கார் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், பசுக்களின் தொற்று மடிநோய்க்கு ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணம் என்பதைக் காட்டினர். நகரங்களுக்கு இரயிலிற் பால் வரத்தொடங்கிய காலம் அது. பல பண்ணைகளின் பால் ஒரே கலனிற் கலந்தபோது, எந்தப் பசுவின் பால் கெட்டது என்பதை அறியும் தேவை நகராட்சி நலத்துறைகளுக்கு எழுந்தது. நுண்ணுயிரியை வளர்த்துக் காண்பதற்கு நாட்கள் ஆகும். பாலிலுள்ள சீழணுக்களைக் காண்பதற்குச் சில மணித்துளிகளே ஆகும்.

1906இல் டிரொம்ஸ்டார்ஃப், பாலைச் சுழற்றிக் குழாயின் அடியிற் படியும் அணுப்படிவின் உயரத்தை அளக்கும் முறையை வகுத்தார். 1910இல் பிரெஸ்காட், பிரீட் ஆகியோர் அளவிட்ட பாலைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணும் முறையை வெளியிட்டனர். பாலில் காணப்படும் வெள்ளணுக்களும் மடியிலிருந்து உதிரும் மேல்தோலணுக்களும் சேர்ந்து ‘உடலணுக்கள்’ எனப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை உயர்ந்தால் மடியில் அழற்சி உள்ளது என்று கொள்ளப்பட்டது.

கொட்டிலிலேயே செய்யத்தக்க சோதனையைத் தேடியபோது வேதிவினைகள் கைகொடுத்தன. 1939இல் வைட்சைட் பாலோடு சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்தால் நோயுற்ற பால் கெட்டியாவதைக் காட்டினார். 1957இல் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் ஆகிய இருவரும் காரத்திற்குப் பதிலாக அழுக்குநீக்கிப் பொருளைப் பயன்படுத்தினர். நான்கு குழிகள் கொண்ட தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, வினைப்பொருளைச் சேர்த்துச் சுழற்றினால், அணுக்கள் மிகுந்த பால் கூழாகும். அக்கூழ் உடலணுக்களின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வால் உண்டாவது என்பதை 1962இல் கேரல், ஷால்ம் ஆகியோர் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைக்கொண்டு உறுதிசெய்தனர்.

கலிபோர்னியச் சோதனைத் தட்டின் நான்கு குழிகளை இங்கு நினைவிற்கொள்வது தகும். பசுவின் மடிக்கு நான்கு காம்புகள், வெள்ளாட்டுக்கு இரண்டே. வெள்ளாட்டுப் பாலைச் சோதிப்போர் இரண்டு குழிகளை வெறுமையாக விட்டனர். கருவியின் வடிவிலேயே அது எவ்வுயிரினத்திற்காக ஆக்கப்பட்டது என்பது பொறிக்கப்பட்டிருந்தது. வெறுமையான குழிகளால் தீங்கில்லை. வினையின் அளவைப் படிக்கும் முறையும் பசுவுக்கே உரியதாக இருந்ததுதான் தீங்கு விளைத்தது.

3. வெள்ளாட்டின் மடி வேறு

மாட்டு அளவுகோல் வெள்ளாட்டுக்குப் பொருந்தாமைக்கு இரண்டு உடலியற் காரணங்கள் உண்டு. அவை வெளிப்பட்ட வரிசை கருதத்தக்கது.

முதற்காரணம் பால் சுரக்கும் முறை பற்றியது. வெள்ளாட்டில் சுரப்பணுவின் நுனிப்பகுதி ஓரளவு கிள்ளப்பட்டுப் பாலோடு சேர்ந்து வெளியேறுகிறது. அதனால் உட்கரு இல்லாத உயிரணுத் துணுக்குகள் வெள்ளாட்டுப் பாலில் மிகுதி. 1970இல் வுடிங், பீக்கர், லின்செல் ஆகியோர் மின்னணு நுண்ணோக்கியின் துணையோடு இத்துணுக்குகளின் இயல்பை விளக்கினர். இவை ஏறத்தாழ வெள்ளணுவின் பருமன் உடையவை. பொதுவான சாயத்தைக்கொண்டு நுண்ணோக்கியில் எண்ணுபவருக்கு இவற்றை வெள்ளணுவினின்று பிரித்தறிவது கடினம். துகள்களின் பருமனைக்கொண்டு எண்ணும் கூல்ட்டர் கருவியோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும். நலமான ஆட்டின் பாலும் நோயுற்ற ஆட்டின் பாலாகப் பதிவாகும்.

இதற்குத் தீர்வு சாயத்தில் கிடைத்தது. 1963இல் பாப்பே முதலியோர் மாட்டுப் பாலுக்குப் பரிந்துரைத்திருந்த பைரோனின்–மெத்தில் பச்சைச் சாயம், டி.என்.ஏ.வைப் பச்சையாகவும் ஆர்.என்.ஏ.வைச் செந்நிறமாகவும் காட்டும். உட்கரு இல்லாத துணுக்கில் பச்சை தோன்றாது. 1982இல் டூலின், பாப்பே, வெர்ஜின் ஆகியோர் வெள்ளாட்டுப் பாலின் உடலணுக்களை இவ்வாறு வேறுபடுத்தி எண்ணும் ஆய்வை வெளியிட்டனர். டி.என்.ஏ.வோடு மட்டும் சேரும் ஒளிர்சாயத்தைப் பயன்படுத்தும் தானியங்கிக் கருவிகள் பரவியபின் இச்சிக்கல் பெருமளவு நீங்கியது.

இரண்டாம் காரணம் இவ்வளவு எளிதில் நீங்கவில்லை. துணுக்குகளை விலக்கி உண்மையான உயிரணுக்களை மட்டும் எண்ணியபோதும் நலமான வெள்ளாட்டின் பாலில் எண்ணிக்கை உயர்ந்தே இருந்தது. தொற்றில்லாத பசுவின் பாலில் மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கணுக்களே மிகுதி. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு குறைவு. தொற்றில்லாத வெள்ளாட்டின் பாலிலோ நியூட்ரோஃபில்களே பெரும்பங்கு. பாப்பேயும் உடனாய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட தொகுப்புரை, தொற்றில்லாத வெள்ளாட்டுப் பாலின் உடலணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 2,70,000 முதல் 20,00,000 வரை இருக்கக்கூடும் என்று காட்டுகிறது. பசுவில் 2,00,000 என்னும் எண்ணிக்கையே தொற்றின் எல்லையாகப் பரவலாகக் கொள்ளப்படுவதோடு இதனை ஒப்பிட்டால் வேற்றுமை தெளிவாகும். கறவையின் கடைப்பருவத்திலும், பருவச் சினைவேட்கைக் காலத்திலும், ஈற்றுகள் கூடும்போதும் தொற்றின்றியே இவ்வெண்ணிக்கை ஏறுகிறது. மூட்டழற்சி–மூளையழற்சி நச்சுயிரித் தொற்றும் அதனை உயர்த்தும்.

எனவே, ஒரே எண் இரு விலங்குகளில் இரு பொருள் தருகிறது. பசுவில் நியூட்ரோஃபில் பாலுக்குள் வருவது பெரும்பாலும் தொற்றை எதிர்க்கும் அழைப்பின்பேரில். வெள்ளாட்டில் அது அழைப்பில்லாமலும் வந்து தங்குகிறது.

4. எண்ணிக்கை சட்டமானபோது

அறிவியலிற் பொருந்தாத ஓர் அளவுகோல் ஆய்வகத்தோடு நின்றிருந்தால் அதன் தீங்கு சிறிதே. உடலணு எண்ணிக்கை பாலின் விலையையும் விற்பனை உரிமையையும் வரையறுக்கும் எண்ணாக மாறியதுதான் வரலாற்றுத் திருப்பம். ஐக்கிய அமெரிக்காவில் முதல்தரப் பாலுக்கான விதிகள் பசும்பாலுக்கு 7,50,000 என்றும் வெள்ளாட்டுப் பாலுக்கு 10,00,000 என்றும் உச்ச எல்லை வகுத்தன. வெள்ளாட்டுக்குச் சற்றுத் தளர்த்திய எல்லை அது. ஆயினும் மாட்டு எல்லையை அடிப்படையாகக் கொண்ட தளர்வே. கறவையின் கடைப்பருவத்தில் நலமான மந்தைகளும் அவ்வெல்லையைத் தாண்டின. பால் மறுக்கப்பட்டது. 2009இல் அவ்வெல்லை 15,00,000ஆக உயர்த்தப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியிற் சென்றது. பசும்பாலுக்கு 4,00,000 என்னும் எல்லையை வகுத்த அதன் விதிகள், வெள்ளாட்டுப் பாலுக்கு உடலணு எல்லை எதனையும் வகுக்கவில்லை. நுண்ணுயிரி எண்ணிக்கைக்கு மட்டுமே எல்லை உண்டு. பொருந்தாத எண்ணைச் சட்டமாக்காமை நன்றே. ஆனால் அதனால் வேறோர் இடைவெளி உண்டாயிற்று. மந்தையில் மறைநிலை மடிநோய் எவ்வளவு உள்ளது என்பதைத் தொடர்ந்து கண்காணிக்கும் பொது ஏற்பாடு வெள்ளாட்டுக்கு இல்லாமற்போனது.

இரு வழிகளின் விளைவையும் உழவர் நிலையினின்று நோக்குதல் வேண்டும். நலமான ஆட்டை நோயுற்றதென்று கொண்டால், வேண்டாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், வேண்டாத கழிப்பும், விற்காத பாலும் விளையும். நோயுற்ற ஆட்டை நலமானதென்று கொண்டால், கறப்பவரின் கைவழியே தொற்று அடுத்த ஆட்டுக்குச் செல்லும். பாலின் கேசின் சிதைந்து பாலாடைக்கட்டியின் விளைவு குறையும். பிரான்சு, ஸ்பெயின், கிரேக்கம் போன்ற நாடுகளில் வெள்ளாட்டுப் பாலின் பெரும்பகுதி பாலாடைக்கட்டியாகவே ஆக்கப்படுவதால் இவ்விழப்பு நேரடியானது.

5. புரதத்தை நோக்கித் திரும்புதல்

அழற்சியின்போது பாலின் வேதியமைப்பு மாறுவது முன்பே அறியப்பட்டிருந்தது. 1920இல் கோஸ்லர், பாலின் குளோரைடுக்கும் லாக்டோசுக்கும் உள்ள விகிதம் மடிநோயில் உயர்வதைக் கணக்கிட்டார். மடியின் சுரப்பணுக்களிடையே உள்ள இறுக்கம் தளர்ந்து, குருதியின் உப்புகள் பாலுக்குள் கசிவதே காரணம். அவ்வழியே குருதியின் அல்புமினும் கசிகிறது. இவை மடியின் ‘சுவர்’ பழுதுற்றதைச் சொல்லும் குறிகள். ஆனால் கறவை வற்றும் காலத்திலும் சுவர் தளர்வதால், உடலணு எண்ணிக்கையின் குறைபாட்டை இவையும் பகிர்ந்துகொண்டன.

இரண்டாம் வகைக் குறிகள் எதிர்ப்பிலிருந்து பிறப்பவை. 1939இல் சோரன்சன் இணையர் பாலின் தெளிநீரில் கண்ட செந்நிறப் புரதம், 1960இல் தனித்துப் பிரிக்கப்பட்டு லாக்டோஃபெரின் எனப் பெயர்பெற்றது. இரும்பைப் பற்றிக்கொண்டு நுண்ணுயிரிகளைப் பட்டினியிடும் அப்புரதம் பசுவின் மடிநோயில் கூடுவது 1970களில் அளந்தறியப்பட்டது. 1978இல் ஆஸ்திரேலியரான கிச்சன் முதலியோர், சேதமுற்ற உயிரணுக்களிலிருந்து வெளிப்படும் நேகேஸ் என்னும் நொதிப்புரதத்தை மாட்டு மடிநோய்க்கான குறியாக முன்வைத்தனர். இந்திய ஆய்வாளர் விஹான் 1989இல் அந்நொதியை வெள்ளாட்டின் மறைநிலை மடிநோய்க்குப் பயன்படுத்தும் ஆய்வை வெளியிட்டார்.

மூன்றாம் வகை கடுநிலைப் புரதங்கள். 1930இல் டில்லெட், பிரான்சிஸ் ஆகியோர் நிமோனியா நோயாளரின் குருதியில் சி–வினைப் புரதத்தைக் கண்டதிலிருந்து தொடங்கும் வரலாறு இது. தொற்றின் முதல் மணிநேரங்களிலேயே குருதியிற் பன்மடங்கு உயரும் புரதங்கள் இவை. எப்புரதம் உயரும் என்பது உயிரினத்திற்கு உயிரினம் வேறுபடும். மனிதரில் சி–வினைப் புரதம்; அசைபோடும் விலங்குகளில் ஹாப்டோகுளோபினும் சீரம் அமைலாய்டும். 2001இல் இரு முடிவுகள் ஒருங்கே வந்தன. எக்கர்சால் முதலியோர் மடிநோயுற்ற பசுக்களின் பாலில் இவ்விரு புரதங்களும் உயர்வதைக் காட்டினர். மக்டொனால்ட் முதலியோர், சீரம் அமைலாய்டின் ஒரு வடிவம் குருதியிலிருந்து கசியாமல் மடியிலேயே ஆக்கப்படுவதைக் காட்டினர். மடியிலேயே பிறக்கும் புரதம் மடியின் நிலையையே சொல்லும். உடலின் வேறிடத்து நோயோடு அது குழம்பும் வாய்ப்புக் குறைவு.

6. இரவல் ஏடு

1975இல் ஓஃபாரல் வகுத்த இருபரிமாணக் கூழ்மப் பிரிப்பும், பின்வந்த நிறைநிறமாலை முறையும், பாலின் நூற்றுக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்திற் காண வழிவகுத்தன. 1994இல் இத்தாலியின் சியெனா நகரில் நடந்த கூட்டத்தில் மார்க் வில்கின்ஸ் ‘புரோட்டியோம்’ என்னும் சொல்லை வழங்கினார். தமிழில் இதனைப் புரதத்தொகுதி என்கிறோம்.

ஒரு புரதத்தின் துண்டுகளை அளந்து, அவற்றை அறியப்பட்ட புரதவரிசைகளின் தரவகத்தோடு ஒப்பிட்டே அதன் பெயரை அறிய முடியும். பசுவின் மரபுத்தொகுதி 2009இல் வெளியானது. வெள்ளாட்டின் முதல் மரபுத்தொகுதி வரைவு 2013இல் வெளியானது. உயர்தர வடிவம் 2017இல்தான் வந்தது. 2013இல் ஒலுமீ–ஷபோன், போமர் முதலியோர், நுண்ணுயிரி நச்சைச் செலுத்தி அழற்சியூட்டிய வெள்ளாடுகளின் பாலில் மாறும் புரதங்களை ஆராய்ந்து வெளியிட்டபோது, வெள்ளாட்டுப் புரதவரிசைகள் தரவகங்களில் மிகக் குறைவு. மாடு, செம்மறியாடு ஆகியவற்றின் வரிசைகளோடு ஒப்பிட்டே பெயர்கள் அறியப்பட்டன.

கலிபோர்னியத் தட்டின் நான்கு குழிகளில் தொடங்கியது, புரதத்தொகுதித் தரவகத்திலும் தொடர்ந்தது என்பது இதனாற் புலனாகும். வெள்ளாட்டைப் படிக்க இரவல் ஏடே கையில் இருந்தது. உறவுநெருக்கம் உடைய இனங்கள் ஆதலின் இரவல் ஏடு பெரும்பாலும் உதவியது. ஆயினும் ஏட்டில் இல்லாத வரி படிக்கப்படாது. வெள்ளாட்டுக்கே உரிய புரத வேறுபாடு ஏதேனும் இருப்பின், அது முதலில் கண்ணுக்குத் தப்பும் வாய்ப்பு மிகுதி.

7. கேத்தெலிசிடின்: இருப்பதா, இயங்குவதா?

1989இல் இத்தாலியின் டிரியெஸ்டே நகர ஆய்வாளர்கள் பசுவின் நியூட்ரோஃபில்களிலிருந்து நுண்ணுயிரிகளைக் கொல்லும் சிறு புரதங்களைப் பிரித்தெடுத்தனர். 1990களின் நடுவில் இக்குடும்பத்திற்குக் கேத்தெலிசிடின் என்னும் பெயரை சனெட்டி முதலியோர் வழங்கினர். இவை நியூட்ரோஃபிலின் மணிகளில் செயலற்ற வடிவில் அடைபட்டிருக்கும். நியூட்ரோஃபில் தூண்டப்படும்போதே வெளிவரும். பாலாட்டு வளர்ப்புக்குப் பெயர்பெற்ற சார்டினியத் தீவின் ஆய்வாளர்கள் இதனை மடிநோயின் குறியாக எடுத்துக்கொண்டனர். செம்மறியாட்டுப் பாலிலும் பசும்பாலிலும் கேத்தெலிசிடினை அளக்கும் எலிசாச் சோதனையின் மதிப்பீடுகள் 2016இல் வெளிவந்தன. வெள்ளாட்டுப் பாலுக்கான ஆய்வுகள் 2019, 2020ஆம் ஆண்டுகளில் தொடர்ந்தன.

வெள்ளாட்டின் சிக்கலுக்கு இது ஏன் பொருத்தமானது என்பது மேற்கண்ட உடலியலால் விளங்கும். நலமான வெள்ளாட்டின் பாலிலும் நியூட்ரோஃபில் நிறைய இருக்கும். ஆகவே ‘எத்தனை உள்ளன’ என்னும் வினா அங்குத் தெளிவான விடை தராது. ‘அவை தூண்டப்பட்டனவா’ என்பதே கேட்கவேண்டிய வினா. உடலணு எண்ணிக்கை இருப்பை அளக்கிறது. கேத்தெலிசிடின் இயக்கத்தை அளக்க முயல்கிறது. உட்கரு இல்லாத துணுக்குகளாலும் இவ்வளவீடு எளிதில் குழம்புவதில்லை.

இதனை முற்றான தீர்வாகக் கொள்வதற்கும் இல்லை. பாலில் நெடுநேரம் தங்கி அழியும் நியூட்ரோஃபில் தொற்றின்றியும் தன் மணிகளைச் சிந்தக்கூடும். எந்தப் புதிய சோதனையையும் ஒப்பிடுவதற்கு உரைகல்லாக உள்ள நுண்ணுயிரி வளர்ப்பும் குறையற்றதன்று. தொற்றுள்ள மடியும் எல்லா நாளும் நுண்ணுயிரியை வெளியிடுவதில்லை. வளர்ப்பு முடிவும் புரத அளவும் முரண்படும்போது பிழை எதனுடையது என்று சொல்வது அரிது. மேலும், ஒரே ஆட்டின் இரு மடிப்பாதிகளையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காணும்போது உடலணு எண்ணிக்கையும் பயனுள்ள செய்தியைத் தருகிறது. பழைய முறையைப் பயனற்றதென்று தள்ளுவது வரலாற்றுக்கும் நடைமுறைக்கும் பொருந்தாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகளை அடையலாம்.

முதலாவது, பாற்புரதத்தைக்கொண்டு வெள்ளாட்டு மடியின் தொற்றை அறியும் கருத்து அண்மைக்காலக் கண்டுபிடிப்பு அன்று. மால்டாவில் 1905இல் தொடங்கிய அக்கருத்து, பசும்பால் வணிகத்தின் தேவைக்கேற்ப வளர்ந்த உயிரணு எண்ணிக்கையால் பின்தள்ளப்பட்டு, ஒரு நூற்றாண்டு கழித்து வேறு வடிவில் மீண்டது.

இரண்டாவது, அளவுகோலின் பொருந்தாமை தனியொருவரின் பிழையால் நேர்ந்ததன்று. கருவி, சாயம், சட்டம், தரவகம் ஆகிய ஒவ்வொன்றிலும் பசுவே முன்மாதிரியாக இருந்தமையால் அது மீண்டும் மீண்டும் நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளாட்டின் இயல்பு ‘விலகல்’ என்றே முதலிற் பதிவாயிற்று. பின்னரே அது வெள்ளாட்டின் இயல்புநிலை என்று உணரப்பட்டது.

மூன்றாவது, இப்படிப்பினை இந்தியச் சூழலுக்கு நேரடியாக உரியது. உலகில் வெள்ளாட்டுப் பால் உற்பத்தியில் முதலிடம் வகிப்பது இந்தியா. இங்கு வெள்ளாடுகள் பெரும்பாலும் சிறு வளர்ப்போரிடம் சில தலைகளாக உள்ளன. எலிசாச் சோதனை அவர்தம் கொட்டிலுக்கு இன்னும் எட்டாதது. ஐரோப்பிய இனங்களில் வகுக்கப்பட்ட புரத எல்லைகளை நம் இனங்களுக்கு அப்படியே பொருத்தினால், மாட்டு அளவுகோலை வெள்ளாட்டுக்குப் பொருத்திய பழைய பிழையையே புதிய கருவியால் செய்தவராவோம். நம் வெள்ளாட்டினங்களின் நலமான பாலில் இப்புரதங்கள், கறவையின் தொடக்கம், நடு, கடை ஆகிய பருவங்களில் எவ்வளவு உள்ளன என்பதை முதலில் அளத்தல் வேண்டும். நோயை வரையறுக்கும் முன் நலத்தை வரையறுப்பதே இவ்வரலாறு உணர்த்தும் முறை.